நான்கு விநாடி சாக்ஸபோன்

பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் தொழிலில், வாடிக்கையாளர் கொண்டுவருவது ஒன்று, தேடி வருவது வேறொன்று. நீங்களும் அடுத்தவர் பொருளை வாங்கி வைத்து, நல்லது செய்வதாக நினைத்துக் கெடுத்துத் திருப்பித் தந்தவராக இருந்தால், இது உங்களுக்காகத்தான். மேற்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே என் அறை. மின்சார ரயில் போகும்போதெல்லாம் தரை லேசாக நடுங்கும். அதனால் இசைத்தட்டு சுழலும் மேசையின் கால்களுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்திருக்கிறேன்.

குழந்தை அழாத கல்யாணம்

சிட்லப்பாக்கத்திலிருந்து ஒருவர் தன் கல்யாணக் கேசட்டைக் கொண்டுவந்தார். நாதஸ்வரத்துக்கு நடுவே யாருடைய குழந்தையோ விடாமல் அழுதது. என் கம்ப்யூட்டரில் ஒலி படமாகத் தெரியும். வேண்டாத சத்தம் எந்தக் கோடு என்று கண்டுபிடித்து அதை அழிக்க வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து அந்த அழுகையை இழை இழையாக உருவி எடுத்தேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். அதன் பிறகு அவர் சொன்னதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன்.

"சார், இப்பதான் என் கல்யாணம் கல்யாணம் மாதிரி இருக்கு."

துடைக்காதது வேண்டும்

வினோத் பெரும்பாக்கம் குடியிருப்பில் இருப்பவர். சாப்பாடு டெலிவரி செய்கிறார். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் லேப்டாப்பைத் திறந்து ராப் பாட்டுக்கு இசை கட்டுகிறார். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்த அமெரிக்க ராப் பாட்டுகள் என்றால் அவருக்கு உயிர். அந்தப் பாட்டுகளைக் கட்டியவர்கள் பலர், பழைய ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து சில விநாடிகளை வெட்டியெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே தாளம் சேர்த்தார்கள். ஒரு சேலையின் கரையில் ஒரு சாண் மட்டும் எடுத்து, அதே சாணைப் பிரதியெடுத்துத் தைத்து முழுச் சட்டையாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. எந்தப் பாட்டுக்குள் எந்த ஜாஸ் இருக்கிறது என்று ஒரு நீளமான பட்டியலே அவர் போனில் இருந்தது.

யாரோ வீடு காலி செய்தபோது என்னிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஜாஸ் தட்டுகள் வந்து சேர்ந்திருந்தன. அதைக் கேள்விப்பட்டுத்தான் வினோத் வந்தார். பட்டியலில் இருந்த ஒன்று பெட்டியிலும் இருந்தது. கீறல் சத்தமெல்லாம் எடுத்து, பளிச்சென்று ஒரு பிரதி தருகிறேன் என்றேன். அவர் பதறிப்போனார்.

"ஐயோ அண்ணா, தொடைக்காத! அந்த கரகர சத்தம் இல்லாங்காட்டி எவன் இத பழைய ரெக்கார்டுனு நம்புவான்?"

நல்ல இடத்தில் விட்டுப் போனவர்

அந்தத் தட்டில் ஒரு பியானோ இசை. அதில் ஒரு துண்டை மட்டும் பத்து வருடமாக ராப் பாட்டுக்குள் கேட்டு வந்திருக்கிறார் வினோத். மூலத்தை அவர் கேட்டதே இல்லை. ஊசியை வைத்தேன். முதல் இரண்டு நிமிடம் அவருக்குத் தெரிந்தது எதுவும் வரவில்லை. திடீரென்று அந்தத் துண்டு வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு கையையும் தூக்கினார். ஒரே ஒரு முறைதான் வந்தது. பியானோ வேறெங்கோ போய்விட்டது. தட்டு முடியும்வரை நின்றுகொண்டே காத்திருந்தார். பெருங்களத்தூரில் கை காட்டியும் நிற்காத பஸ்ஸைப் பார்ப்பது போல அந்தத் தட்டைப் பார்த்தார்.

"இன்னாணா இது, நல்ல எடத்துல வுட்டுட்டு அவரு பாட்டுக்கு போய்க்கினே கீறாரு?"

ஒருமுறை ஓடிய நாடா

பீர்க்கன்கரணையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரெஜினா, துணிக்கடைப் பையில் ஒரு பெரிய நாடாச் சுருளைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா பகலில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், மாலையில் ஹோட்டல் வாத்தியக்குழு ஒன்றில் ஜாஸ் சாக்ஸபோன். ரெஜினாவுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது இறந்துவிட்டார். அவரோடு வாசித்தவர் ஒருவர் அந்தக் குழுவின் ஒத்திகையைப் பதிவு செய்து வைத்திருந்தார். அது இப்போதுதான் மகள் கைக்கு வந்திருக்கிறது. வீட்டில் அதை ஓட்டிக் கேட்க வசதியில்லை. நாடாவின் பழுப்புப் பூச்சு தொட்டாலே உதிர்ந்தது. ஒரே ஒரு தடவைதான் ஓடும் என்று சொல்லிவிட்டேன். சரி என்று வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

கம்ப்யூட்டரில் பதிவதற்காக அதை ஓட்டியபோது வினோத் அறையில் இருந்தார். நாற்பது நிமிடம் ஓடியது. மெதுவான ஒரு பாட்டு வந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும், மெஷின் முழுக்கப் பழுப்புத் தூள். பூச்சு உதிர்ந்து நாடா முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அந்த மெதுவான இடத்தில் நான்கு விநாடி கிடைக்குமா என்று கேட்டார் வினோத். உரியவரைக் கேட்காமல் தரமாட்டேன் என்று ரெஜினாவுக்குப் போன் செய்தேன். அவர் சம்மதித்ததும் சரியாக நான்கு விநாடி வெட்டிக் கொடுத்தேன். அரை விநாடி கூடுதலாகக் கேட்டதற்கும் மறுத்துவிட்டேன். அடுத்தவர் சொத்தில் நான் அவ்வளவு கறார்.

போனில் ரெஜினா சொன்னது இதுதான்: "எடுத்துக்கட்டும் சார். எங்கப்பா வாசிச்சத ஒருத்தர் கேட்டு வாங்குறாரே, அதுவே பெருசு."

சுத்தம்

நாடாவை அப்படியே பதிந்த பிரதியை நான்கு நாள் சுத்தம் செய்தேன். இரைச்சலை எடுத்தேன். நாற்காலி நகரும் சத்தத்தை எடுத்தேன். சாக்ஸபோன் ஒவ்வொரு வரியையும் தொடங்குவதற்கு முன்னால் மெல்லிய விசில் போல ஒன்று கேட்டது. அதையும் ஒன்று விடாமல் எடுத்தேன். சுத்தமான பிரதி தயாரானதும் பழையதை அழித்துவிடுவது என் வழக்கம். டிஸ்க்கில் இடம் வேண்டுமே.

சனிக்கிழமை மதியம் ரெஜினா வந்தார். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டார். ஆரம்பத்துக்குப் போகச் சொன்னார். மறுபடியும் ஆரம்பத்துக்கு. ஐந்து தடவை. பாராட்டு வரப்போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நல்லா இருக்கு சார். ஆனா அப்பா மூச்சு எங்க சார்?"

முதுகில் கேட்டது

உண்மையைச் சொன்னேன். நாடாவில் இனி ஒன்றும் இல்லை, அழித்ததையும் மீட்க முடியாது என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டவில்லை. யாருக்கோ வழி சொல்வது போல நிதானமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டில் வாசித்துப் பழகுவாராம். மகள் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாராம். வேலையில் எப்போதோ அடிபட்டு வளைந்த மூக்கு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சை இழுக்கும்போது விசில் அடிக்கும். அது காதுக்கு வரும் முன்னே தன் முதுகில் தெரியும் என்றார். அப்பாவின் குரல் எந்தப் பதிவிலும் இல்லை. இந்த நாடாவில் அவர் தேடி வந்தது அந்த விசிலை.

"பாட்ட யாரு வேணா வாசிப்பாங்க சார். அந்த விசில் அவர் ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு."

பாதி

அப்போதுதான் வினோத்திடம் இருந்த நான்கு விநாடி நினைவுக்கு வந்தது. அது துடைப்பதற்கு முன்னால் வெட்டியது. போன் செய்தேன். கோவளம் பக்கம் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு லேப்டாப்போடு வந்தார். நான் வெட்டிய இடத்தைப் பார்த்தோம். தாளத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக, முதல் ஸ்வரம் எழும் இடத்திலேயே கச்சிதமாக வெட்டியிருந்தேன். அதற்கு முந்தைய மூச்சு போய்விட்டது. வால் பகுதியில் அடுத்த மூச்சு தொடங்குகிறது. அது பாதி வரும்போது நான்கு விநாடி முடிகிறது. நான் மறுத்த அந்த அரை விநாடியில்தான் மீதி இருந்தது.

வினோத் தன் பாட்டில் தாளத்தையும் பேச்சையும் அடைத்துவிட்டு, அந்தத் துண்டை மட்டும் ஓடவிட்டார். ஒரு வரி, பாதி மூச்சு. அதே வரி, அதே பாதி மூச்சு. ரெஜினா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். "அக்கா, நிறுத்தட்டுமா?" என்று வினோத் இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்று கை காட்டினார். நானும் வினோத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி, புடவைத் தலைப்பால் அதைத் துடைத்து, வினோத்திடம் கொடுத்தார். சிரிக்கத்தான் முயன்றார்.

"ஏம்ப்பா, முழுசா மூச்சு இழுக்கக்கூட விடாம திருப்பித் திருப்பி வாசிக்க வைக்கிறியே. பாவம்ப்பா எங்கப்பா."

அன்றிலிருந்து எல்லோருடைய துடைக்காத பிரதியையும் தனி டிஸ்க்கில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதுவரை நான் துடைத்து எடுத்ததைத் திரும்பக் கேட்டவர் ஒரே ஒருவர்தான், அவருடையது மட்டும்தான் என்னிடம் இல்லை.