கையுறைக் கம்பனி மூடிய காலம்

தலவாக்கலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைத்த பழைய ஸ்டோர் வெகுகாலம் மூடிக் கிடந்தது. ஒரு வெளிநாட்டுக் கம்பனி அதை எடுத்துக் கையுறை தைக்கும் தொழிற்சாலையாக மாற்றியபோது, நான் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு லயத்து வரிசை வீட்டில் சும்மா இருந்தேன். கொழுந்து எடுக்கப் பேர் பதிய எனக்கும் மனமில்லை, அம்மாவுக்கும் விருப்பமில்லை. கொழும்பில் கடைவேலையா, மத்திய கிழக்கில் வீட்டுவேலையா என்பதுதான் என் வயதுப் பெண்களின் பேச்சாக இருந்தது.

லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா வீட்டில் இருந்த சிநேகிதி முதலில் வேலைக்குச் சேர்ந்தாள். மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எனக்குத் தையல் வரவில்லை. கையுறையின் பெருவிரலை இணைக்கும் இடத்தில் ஊசியை உடைத்துவிடுவேன். ஆனால் ஆங்கிலம் கொஞ்சம் வரும் என்று தெரிந்ததும், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மேனேஜர் என்னைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். தைக்கும் பெண்பிள்ளைகள் சொல்வதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

தோட்டத்துப் பெண்கள் ஊரைவிட்டுப் போகாமலே வேலை பார்த்த வருடங்கள் அவை. ஆண்களுக்கு அங்கே இடமிருக்கவில்லை. "கம்பனி ஒங்களுக்குத்தான் வந்திருக்கு, எங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு என் அண்ணன் கொழும்புக்குப் போனான்.

மேனேஜர் ஏசினால் அந்த ஏச்சும் என் வாயால்தான் வெளியே வரும். அதனாலோ என்னவோ, பகல் சாப்பாட்டுக்கு நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். சிநேகிதி மட்டும் தன் ரொட்டியைப் பிய்த்து என் பக்கம் நீட்டுவாள்.

ஒரு மழைநாள் காலையில் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் ஒன்றுகூடச் சொன்னார்கள். அதற்குச் சற்று முன்புதான் மேனேஜர் எனக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார். கம்பனி வேறொரு நாட்டுக்குப் போகிறது. நான் அவர் பக்கத்தில் நின்று, "இந்த மாசத்தோட வேல முடியுதுங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சிநேகிதி முன்னால் வந்தாள். "அவரு சொல்றதச் சொல்றியா, நீயா சொல்றியா?"

"அவருதான் சொல்றாரு."

"அப்ப எங்களுக்கு என்ன வழின்னு கேளு."

கேட்டேன். சட்டப்படி கிடைக்க வேண்டியது கிடைக்கும், அதற்கு மேல் தன் கையில் எதுவும் இல்லை, தனக்கே அடுத்த வேலை எங்கே என்று தெரியாது என்றார். அதையும் அப்படியே சொன்னேன்.

"அவருக்கு ஏறிப்போகப் பிளேன் இருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் வேலையை விட்டு நின்ற பிறகும், மெஷின்களைக் கழற்றி லொறியில் ஏற்றும் வரை, ஆங்கிலத்தில் பட்டியல் எழுத என்னை வைத்திருந்தார்கள். கழற்ற வந்தவர்கள் கொழும்பு ஆட்கள். அந்தப் பெரிய தளத்தில் எனக்குப் பேச ஆளில்லை. மாலையில் லயத்துக்குத் திரும்பினால் தண்ணீர் பிடிக்கப் பீலியடியில் நிற்கும் பெண்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். "ஒன்ன மட்டும் ஏன் வச்சிருக்காங்கன்னு கேக்குறாங்க, நான் என்ன சொல்றது?" என்று அம்மா கேட்டார். சிலர் கொழுந்து எடுக்கப் பேர் பதிந்தார்கள். சிலர் வெளிநாடு போனார்கள். சிநேகிதி கொழும்புக்கு அப்பால் கட்டுநாயக்கப் பக்கம் ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள். அதை அவளுடைய அம்மா சொல்லித்தான் நான் அறிந்தேன்.

இப்போது தலவாக்கலை டவுனில் ஒரு போன் கடையில் வேலைக்கு நிற்கிறேன். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்த சிநேகிதி கடைக்குள் வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"கோவமாடி?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.

"ஒன் மேல என்ன தப்பு. ஆனா அன்னைக்கு அவரு மூஞ்சிய யாருடி பாத்தா? ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னோம்."

கண்ணாடிப் பெட்டியில் இருந்த போன்களைப் பார்த்துவிட்டு, "எங்க கார்மென்ட்ல ஆள் எடுக்குறாங்க, வர்றியா?" என்றாள்.

"எனக்குத் தைக்க வராதே."

இருவரும் சிரித்துவிட்டோம். லீவு முடிந்து அவள் போகும்போது ரயிலடி வரை போனேன். போய்ச் சேர்ந்ததும் பேசுவதாகச் சொன்னாள். ஒருமுறை பேசினாள். பின்னால் மெஷின் சத்தம் பலமாக இருந்ததால் பாதி விளங்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் என்னை மிஸ் என்கிறார்கள், முதலாளி 'மகள்' என்று கூப்பிடுகிறார். என்னை 'டி' போட்டுப் பேச இந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை.