பங்குதாரர்

பல்கலைக்கழகத்தில் கடல்சார் கொள்கை படிப்பித்துக்கொண்டிருந்த என்னை, புதிய கடற்றொழில் கொள்கை எழுதும் குழுவுக்கு அரசாங்கம் தலைவராக்கியது. நான் ஆங்கிலத்தில் எழுதியதைக் கொழும்பில் தமிழாக்கினார்கள். நான் 'stakeholders' என்று எழுதியிருந்த மீனவர்கள் அதில் 'பங்குதாரர்' ஆகியிருந்தார்கள். அதையும் காவிக்கொண்டு வல்வெட்டித்துறைக்குப் போனேன்.

மீனவர் சங்க மண்டபத்தில் நான் வாசித்து முடித்ததும் ஒருவர் எழும்பினார். அதற்கு முந்தின கிழமைதான் அவருடைய வலையை இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போயிருந்தது.

"ஐயா, ஒரு படகிலை போனால் பிடிக்கிற மீனிலை எல்லாருக்கும் பங்கு இருக்கு. உதிலை எங்களைப் பங்குதாரர் எண்டு போட்டிருக்கிறியள். எங்கடை பங்கு என்ன?"

அவர் நக்கலடிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"உங்கடை கருத்தைச் சொல்லுற உரிமை" என்றேன்.

"ஓம், அதைச் சொல்லியாச்சு. வேறை?"

நான் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

திரும்பி வந்ததும் கோபத்தில் அமைச்சுக்கு எழுதினேன்: ஒன்றில் அவர்களுக்கு ஒரு பங்கைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சொல்லை எடுங்கள்.

அடுத்த கிழமையே சொல்லை எடுத்துவிட்டார்கள். என் பதவிக்காலம் முழுவதிலும் அவர்கள் நிறைவேற்றிய என் சிபாரிசு அது ஒன்றுதான்.