நசுங்காத எலுமிச்சம்பழம்

சூசை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு லாரியின் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்து மல்லாந்து கிடந்தேன். போனில் அவர் மனைவி செலின். "அண்ணே, அவரு எந்திரிக்க மாட்டேங்குறாருண்ணே" என்றார். மூன்று மாதத்துக்கு முன்புதான் சூசை நெஞ்சுவலிக்குத் திருச்சியில் வைத்தியம் பார்த்துத் திரும்பியிருந்தார். சாகிற வயதா, நாற்பத்தாறு? அங்கேயே படுத்தபடி அழுதேன். அழுகைக்கு நடுவில், 'நல்லவேளை, சொல்லித் தொலைத்தோம்' என்றும் ஒரு நினைப்பு வந்தது. எனக்கே கூச்சமாகப் போயிற்று. எதைச் சொன்னேன் என்பதை, கீரனூர் சாலையில் அவர் கையால் வண்டியைச் சரிபார்த்துக்கொண்ட நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் அவரைவிடப் பத்து வயது மூத்தவன். வளைகுடாவில் பெரிய வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்த்துவிட்டு, தலைக்கனத்தோடு ஊர் திரும்பியவன். சூசை தன் லாரி எலக்ட்ரிக்கல் கடையில் இடம் கொடுத்தார். அப்போது டிப்பர் ஓட்டுநர்கள் எல்லோரும் 'பெட்டி' கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். இப்போதைய லாரிகளில் ஆக்சிலேட்டருக்குக் கேபிள் கிடையாது. மிதிப்பதை ஒயர்தான் இன்ஜினுக்குச் சொல்கிறது. அந்த இடைவெளியில் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றைச் செருகினால், கால் வைத்ததும் வண்டி துள்ளும். வண்டிக்குப் பலம் கூடிவிட்டது என்று ஓட்டுநர்கள் மீசையை முறுக்குவார்கள். சூசை சிரிப்பார். "பலமெல்லாம் ஒண்ணும் கூடலண்ணே. கால் சொல்றத வெரசாக் கேக்கும், அம்புட்டுதான்."

அவர் வேலை செய்யும் விதம் எனக்கு எரிச்சலாக இருக்கும். கம்பெனி கியாரண்டி முடியாத வண்டியைத் தொட மாட்டார். சாவியை எடுத்த பிறகு பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். "வண்டி தூங்கட்டும். முழிச்சிருக்கயில ஒயரப் புடுங்குனா கோவிச்சுக்கிரும்" என்பார். எல்லாம் முடிந்ததும் சாவியைக் கொடுக்க மாட்டார். முன் டயருக்கு ஒரு முழம் தள்ளி ஓர் எலுமிச்சம்பழத்தை வைப்பார். ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் மிதித்து வண்டியை நகர்த்த வேண்டும். டயர் பழத்தைத் தொட்டு நிற்க வேண்டும். பழம் நசுங்கினால் பெட்டியின் வேகத்தைக் குறைத்து, வேறு பழம் வைப்பார். சரியாக நின்ற பிறகுதான், பூஜைக்கு ஏற்றுவதுபோல் நசுக்கிவிட்டுப் போகலாம். "மொதல்ல எனக்கு, பெறகு ஒங்க சாமிக்கு" என்பார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர் சந்தையில் எலுமிச்சம்பழம் பொறுக்குவதை ஊரே கேலி செய்தது. அதில் நானும் உண்டு. வளைகுடாவில் நாங்கள் என்ன பழமா வைத்தோம்?

மூன்று வருடத்துக்கு முன்பு, சூசை ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்த நாளில், அரிமளம் கருப்பையாவின் டிப்பர் வந்தது. அவரிடம் ஆறு டிப்பர்கள். எல்லாமே எங்கள் கடை வண்டிகள். ஓட்டுநர் அவசரப்பட்டார். "நல்லா துள்ளணும்ணே" என்றார். வேகத்தைக் கூட்டி வைத்து அனுப்பிவிட்டேன். பழம் வைக்கவில்லை.

மறுநாள் கல் உடைக்கும் கிரஷரில், எடை மேடைக்கு மெதுவாக ஏற வேண்டிய வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து ரசீது எழுதும் அறையின் சுவரை இடித்தது. உள்ளே எழுதிக்கொண்டிருந்த பெண் தண்ணீர் பிடிக்க அப்போதுதான் எழுந்து போயிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி செங்கலுக்கு அடியில் கிடந்தது. அந்த நாற்காலி இன்றைக்கும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கருப்பையா கடைக்கு வந்து கத்தினார். "எவன்யா பெட்டிய மாட்டுனது?"

ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நான்தான் எதிரே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சூசை கையைத் துடைத்தபடி முன்னால் வந்தார். "நாந்தாண்ணே மாட்டுனேன்."

அன்றோடு ஆறு டிப்பரும் போயின. சூசை கையை நம்பாதே என்று கருப்பையா சாலை நெடுகச் சொன்னார். நான் சூசையிடம் ஏதோ முனகினேன். "போர்டுல இருக்கறது என் பேருதானே. வாங்க, மொதல்ல அந்தப் பெட்டியக் கழட்டிட்டு வருவோம்" என்றார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவருக்கு அது பெரிதில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மருத்துவமனையில் அவரைக் குழாயும் ஒயருமாகப் பார்த்துவிட்டுக் கீரனூர் பஸ்ஸில் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. இவர் போய்விட்டால் என் பிழை இவர் பெயரிலேயே நின்றுவிடும். அதை மாற்றிச் சொல்ல ஒரு சாட்சிகூட இருக்காது. மறுநாள் காலை அரிமளத்துக்குப் போய், கருப்பையாவின் ஓட்டுநர்கள் நடுவில் நின்று உண்மையைச் சொன்னேன்.

கருப்பையா என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. கடைசியில் அவர் குரல் உடைந்தது. "மூணு வருசமா அந்த மனுசன் பேர ஊரெல்லாம் கெடுத்து வச்சிருக்கேனேய்யா! அன்னைக்கே வாயத் தொறந்தா என்ன?"

சூசை மறுபடி கடைக்கு வரத் தொடங்கிய வாரத்தில் ஒரு டிப்பர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கருப்பையாவே. "பெட்டி மாட்டணும். நீயே மாட்டு" என்றார். சூசை என்னைத் திரும்பிப் பார்த்தார், புரிந்துகொண்டார். உடம்பு முடியாதவர் என்பதால் நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவரே குனிந்து மாட்டினார். பழத்தை நான் வைத்தேன். கருப்பையா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். முதல் பழம் சட்டினியானது. சூசை வேகத்தை இரண்டு படி குறைத்தார். இரண்டாவது பழத்தைத் தொட்டு டயர் நின்றது.

கருப்பையா போன பிறகு, "எதுக்குண்ணே போய்ச் சொன்னீங்க?" என்று சூசை கேட்டார். அவர் முகத்தில் கோபமில்லை. நான் குனிந்து முதல் பழத்தின் தோலைப் பொறுக்கினேன்.

அடக்கத்தன்று கல்லறைக்குப் போகும் வழியோரம் கருப்பையாவின் ஆறு டிப்பர்களும் நின்றன. செலின் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கருப்பையா வண்டி திரும்பி வந்த அன்னைக்கு, செருப்பக்கூடக் கழட்டாம எங்கிட்ட வந்து சொன்னாருண்ணே. ரெண்டாந்தடவ சோறு வாங்கிச் சாப்புட்டாரு. அதுக்கு முந்தி மூணு வருசமா அரிமளம் ரோட்டுல போறதே இல்ல. அங்கிட்டு வேலையின்னா சுத்திக்கிட்டுத்தான் போவாரு."

எனக்கு அது தெரியாது. தெரிந்த அன்று அவர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தார். ஆனாலும் கடைசி இரண்டு மாதம் அவர் அந்தச் சாலையில் நேராகப் போய் வந்தார். அந்த நிம்மதி எனக்குப் போதும்.

கடையை மறுபடி திறந்திருக்கிறோம். போர்டில் அவர் பெயர்தான். அலமாரியில் எலுமிச்சம்பழமும் உண்டு. நேற்று, முந்தின நாள் பெட்டி மாட்டிப் போன ஒரு லாரி எச்சரிக்கை விளக்கு எரிய எரியத் திரும்பி வந்தது. வண்டி தூங்கும்வரை பொறுக்காமல் ஒயரைப் பிடுங்கிய என் அவசரம். ஓட்டுநர் இறங்கும்போதே சத்தம் போட்டார். "எவன்யா மாட்டுனது?"

அவர் கேட்டு முடிக்கவில்லை. "நாந்தான்" என்றேன்.