மடவைக் குழம்புக்குச் சாட்சி

எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. செல்போன் பழுதுபார்க்கும் வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். லென்ஸ் விளக்கின் கீழ் தலையைக் குனிந்துகொண்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மரக்காணத்தில் வேலைக்கும் பஞ்சமில்லை. பாதி போன்களை உப்புக் காற்றே கெடுத்துக் கொடுத்துவிடும்.

போன வருஷம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்துகிறவர்கள். புருஷனுடைய போன் உப்புப் பாத்தியில் விழுந்துவிட்டதாம். எடுத்துக் காய வைக்கிறேன் என்று அந்த அம்மா அதை இரண்டு நாள் உப்புக் குவியலில் புதைத்து வைத்திருக்கிறார்.

"அரிசியில போடுவாங்கன்னு சொன்னாங்கக்கா. நம்மகிட்ட உப்புதானே மலை மாதிரி கெடக்குது? அதுவும் ஈரத்த இழுக்கும்ல?"

"வேணும்னேதான் பொதைச்சாக்கா இவ," என்றார் அவர். "உள்ள ஒரு ரெக்கார்டு இருக்குது. நான் வச்ச மடவை மீன் குழம்பு இவ குழம்ப விட நல்லா இருக்குதுன்னு இவளே சொன்னது. இப்ப சொல்லவே இல்லைன்றா. எனக்குப் போன் கூட வேணாம், அந்தக் குரலு வேணும்."

"நான் ஏன்யா அப்பிடிச் சொல்லப் போறேன்?"

நான் லென்ஸுக்குள் குனிந்துகொண்டேன்.

போனைத் திறந்தால் போர்டு முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஸ்பிரிட் தொட்டு, பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் மின்சாரம் கொடுத்தேன். போன் எழவில்லை. பவர் சிப்பைத் தொட்டேன், விரல் சுட்டுவிட்டது.

"சிப்பு போச்சு போலருக்குங்க," என்றேன்.

"போச்சா? அய்யோ பாவம்," என்று அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். புருஷன் மட்டும் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

"கொஞ்சம் இருங்க," என்றேன். சூடாவதெல்லாம் கெட்டுப்போனது என்று முடிவு கட்ட முடியாது. வேறு எங்கோ ஷார்ட் ஆகி, அதற்கு மின்சாரம் தீனி போட்டுக்கூட சிப்பு கொதிக்கலாம். ஈயம் பற்றவைக்க வைத்திருக்கும் ரோசின் பிசினைச் சூடு காட்டி அந்தப் புகையைப் போர்டின் மேல் படிய விட்டேன். மாவு தூவியது போல வெள்ளையாகப் படிந்தது. ஷார்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது முதலில் உருகும். மறுபடி மின்சாரம் கொடுத்தேன். முதலில் உருகியது சிப்பின் மேல் இருந்த வெள்ளை இல்லை. பக்கத்தில் ரவை அளவு ஒரு கெப்பாசிட்டர், அதன் மேல் இருந்ததுதான். அதை எடுத்ததும் ஷார்ட் போய்விட்டது.

பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே மாதிரி ஒன்றைக் கழற்றி, ஃபேனை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியால் வைக்கப் போனேன். அந்த அம்மா பலமாகத் தும்மினார். கெப்பாசிட்டர் போன இடம் தெரியவில்லை.

"பாத்தியாக்கா? பாத்தியா?" என்று புருஷன் குதித்தார்.

"தும்மல் என்னா, உன்னக் கேட்டுட்டா வரும்?"

இரண்டாவது ஒன்றைக் கழற்றினேன். அவர் தன் துண்டால் பெண்டாட்டியின் மூக்கை மூடிப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எப்படியோ ஒரு முனையை ஈயத்தில் ஒட்டி, மறுமுனைக்கும் சூடு காட்டினேன். சரியாக உட்கார்ந்தது. சிப்பைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. திரையில் வெளிச்சம் வந்தது.

அவர் அவசரமாகத் தேடி ரெக்கார்டைப் போட்டார். அந்த அம்மாவின் குரல், வாய் நிறையச் சோற்றோடு: "சரிய்யா, என்னுத விட நல்லாத்தான் இருக்குது. போதுமா?"

அவர் கடைக்கு வெளியே போய்த் தெருவைப் பார்த்து இன்னொரு தடவை போட்டார்.

அந்த அம்மா அசரவில்லை. "அன்னிக்குப் பசியில சொன்னது. அதெல்லாம் செல்லாது. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வைக்கிறோம், நீ வந்து சாப்டுட்டு சொல்லுக்கா."

மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. போனேன். இரண்டு சட்டி, ஒரு இலை. சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே குனிந்துகொள்ள லென்ஸ் இல்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.