புளோரிடாவில் சிக்கிய மீசை

எரிந்துபோன மோட்டாரைப் பிரிப்பதற்கு முன்னால் வைத்தியலிங்கம் அதை முகர்ந்து பார்ப்பார். மூக்கைக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு. பிறகு, "காயில் கருகிப் போயிடுச்சு" என்பார். போனது கொண்டுவந்தவருக்கே தெரியும். நன்றாக ஓடுகிற மோட்டாரை எவன் வேலை மெனக்கெட்டு வயலிலிருந்து கழற்றி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் கீழவாசலுக்கு வருவான்? ஆனாலும் அவர் மூக்கு சொன்ன பிறகுதான் அது முறைப்படி எரிந்ததாகக் கணக்கு.

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பம்புசெட்டுகளெல்லாம் ஒரு தடவையாவது இந்தக் கடையில் வந்து படுத்துவிட்டுப் போனவைதான். கருகிய கம்பியை உருவிப்போட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கிற வேலை. கை ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். வாய் அதைவிட வேகமாகச் சுற்றும். "சாயங்காலம் வாங்க சார்" என்றால் நாளைக்கு என்று அர்த்தம். "நாளைக்குக் காலையில ரெடி" என்றால் நாம் வேறு மோட்டார் வாங்கிக்கொள்வது உத்தமம். என் மோட்டார் போன ஐப்பசியில் அங்கே போய்ச் சேர்ந்தது. அப்போது பார்த்து அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது என் கெட்ட நேரம்.

அமெரிக்கத் தேர்தலுக்கும் கீழவாசலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டுவிட்டு அரை நாளைத் தொலைத்தவன். சம்பந்தம், ஈஸ்வரி. அவருடைய ஒரே மகள். கம்ப்யூட்டர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு நியூஜெர்சிக்குப் போனவள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று அமெரிக்காக்காரன் அலறினானே, அந்த அலறலில் விசா கிடைத்த மாப்பிள்ளை. ஆகவே அப்போது அங்கே ஆண்டுகொண்டிருந்த கட்சியின் மேல் வைத்தியலிங்கத்துக்கு அசைக்க முடியாத நன்றி. "நம்ம புள்ளையக் கூப்பிட்டு வேலை குடுத்தவங்க சார். அவங்களுக்குப் போடாம வேற யாருக்கு ஓட்டுப் போடறது?" என்பார். தஞ்சாவூரில் அவருக்கு நிஜமாகவே இருக்கிற ஓட்டைப் பற்றி இவ்வளவு அக்கறையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

வேட்பாளர்களின் பெயர் அவர் நாக்கில் நிற்காது. துணை ஜனாதிபதியாக இருந்துகொண்டு நின்றவர் 'துணை'. முன்னாள் ஜனாதிபதியின் பிள்ளை 'மகன்'. "துணை எட்டு வருசமா பக்கத்துலயே நின்னு வேலை கத்துக்கிட்ட ஆளு. மகன் யாரு? அப்பன் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றவன். அதான் நம்ம ஊர்லயே கெடக்கே, அதுக்கு அமெரிக்கா எதுக்கு சார்?" டிவியில் இருவரும் மேடையேறி வாதம் செய்ததைப் பார்த்தார். இங்கிலீஷ் புரியாது, அதை ஒரு குறையாகவே அவர் நினைக்கவில்லை. "மகன், மூணு பேஸ் கரன்ட்டுல ஒண்ணு போயி ரெண்டுல ஓடுற மோட்டாரு சார். சத்தம் வரும், தண்ணி வராது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

எதிர்க்கடை இப்ராஹிம் பாயுடையது. கூத்தாநல்லூர்க்காரர். சென்ட், டார்ச், கோடாலித் தைலம் விற்கிற வெளிநாட்டுச் சாமான் கடை. நாடு இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு இதெல்லாம் பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது. ஆகவே பாய்க்கும் பேச நேரம் நிறைய. தேர்தலில் அவர் 'மகன்' பக்கம். காரணம் கேளுங்கள். பாய் குவைத்தில் வேலை பார்த்தபோது ஈராக் படை நுழைந்து, கட்டிய கைலியோடு ஊருக்கு ஓடிவந்தவர். பிறகு மகனின் அப்பா படை அனுப்பிக் குவைத்தை மீட்டார். பாய் அங்கே விட்டுவிட்டு வந்த பெட்டி, ஒரு கூட்டாளி மூலமாகப் பூட்டுக்கூட உடையாமல் கூத்தாநல்லூர் வந்து சேர்ந்தது. "அப்புறம் பாக்தாத்துல குண்டு போட்டானுவோ, அது தப்புதாண்ணே. ஆனா பெட்டியத் திருப்பிக் குடுத்த குடும்பம்ல?" என்பார். இதைத் தவிர அவருக்கு வேறு கொள்கை கிடையாது.

இந்த இரண்டு கொள்கைகளும் ஒரு நாள் டீ குடிக்கும்போது மோதிக்கொண்டன. வைத்தியலிங்கம் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "மகன் ஜெயிச்சா என் மீசைய எடுத்துடறேன் பாய்!"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பி அந்த மீசையைப் பார்த்தார்கள். சும்மா மீசையா அது? மூக்குக்குக் கீழே தொடங்கி, கன்னத்தில் ஏறி, காதுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போதுதான் ஓயும். நுனியை முறுக்க அவர் செலவழித்த நேரத்தை மோட்டார்களுக்குக் கொடுத்திருந்தால் தஞ்சை ஜில்லாவே முப்போகம் விளைந்திருக்கும்.

பாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "பந்தயமெல்லாம் எங்களுக்கு ஹராம்ணே. என்னை இழுக்காதீங்க." தவிர, பதிலுக்கு வைக்க அவரிடம் மீசையும் இல்லை; தாடி மட்டும்தான். "நீங்க வைக்காட்டி போங்க பாய், நான் வைக்கிறேன்!" என்றார் இவர். ஜெயித்தால் ஒன்றும் கிடைக்காத, தோற்க மட்டுமே முடிகிற பந்தயத்தைத் தனி ஆளாக வைத்த மனிதர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

விஷயம் வீட்டுக்குப் போயிற்று. அடுத்த அரைமணியில் மனைவி ஞானாம்பாள் கடைவாசலில் நின்றார். ஈஸ்வரிக்குத் தை மாதம் பிரசவம். தலைச்சன். கூடமாட இருக்க அங்கே யாரும் இல்லை. அம்மாவையும் அப்பாவையும் வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். மார்கழி பிறந்ததும் சென்னையில் விசாவுக்கு நேரில் போய் நிற்கவேண்டும். அவருடைய பாஸ்போர்ட் படத்திலோ முகம் கொஞ்சம், மீசைதான் மிச்சமெல்லாம்.

"படத்துல மீசை, ஆளுக்கு மீசையில்ல! யாருய்யா நீயின்னு வெரட்டி விடமாட்டானா? உங்க வாய்க்கொழுப்புக்கு எம்பொண்ணு அங்க ஒத்தையாக் கெடந்து புள்ள பெக்கணுமா?" அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வைத்தியலிங்கம் நுனியை முறுக்கிக்கொண்டே, "துணைதான் ஜெயிப்பான் ஞானம், நீ போ" என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

முடிவு வந்த நாளை மறக்கமுடியாது. காலை இட்லி நேரத்தில், பிடித்தவர்தான் ஜனாதிபதி என்று எல்லோரும் காத்திருந்த புளோரிடா மாநிலம் துணைக்குக் கிடைத்துவிட்டது என்று டிவி சொன்னது. தீபாவளிக்கு வெடிக்காமல் மிச்சம் வைத்திருந்த சரத்தை எடுத்துவந்து இவர் தெருவில் கொளுத்தினார். மதியச் சாப்பாட்டுக்குள் மகன் ஜெயித்துவிட்டான். பாய் மரியாதைக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலக் காபிக்கு, யாருமே ஜெயிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைவாசலில் சரத்தின் காகிதக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்த வைத்தியலிங்கம், "நம்ம காவிரி கேஸ் மாதிரி இழுக்கப் போவுது சார்" என்றார். அவர் அரசியலில் சொல்லிப் பலித்தது அது ஒன்றுதான்.

இழுத்தது. மோட்டார் கொண்டுவருகிற குடியானவர்கள் மழையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு மீசையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். புளோரிடாவில் ஓட்டுப் போட மெஷினில் அட்டையைச் செருகித் துளை போடுகிறார்களாம். விழுந்த துளை, பாதி விழுந்த துளை, விழலாமா என்று யோசித்த துளை என்று மூன்று ஜாதியாம். "மெஷின் கோளாறு சார். ஊசி மொண்ணையாயிருக்கும். ஒரு அரை நாள் என்கிட்ட விட்டா சரி பண்ணிடுவேன்" என்பார் வைத்தியலிங்கம். இதே அரை நாள் கணக்கில் உள்ளே போன என் மோட்டார் மூலையில் தூசி படிந்து கிடந்தது.

கார்த்திகைக் கடைசியில் கோர்ட்டுத் தீர்ப்பு வந்து மகன் ஜெயித்தான். முதலில் ஓடிவந்தவர் பாய்தான். "அமெரிக்கா முழுக்க எண்ணுனா ஓட்டு உங்க ஆளுக்குத்தாண்ணே கூட. நானும் பந்தயமே வைக்கலை. விட்டுடுங்கண்ணே, வீட்ல வருத்தப்படுறாங்க."

"நீங்க வைக்காட்டி என்ன பாய்? நான் வச்சேன்ல?" என்றார் வைத்தியலிங்கம்.

ஞானாம்பாள் மட்டும் விடவில்லை. விசா கைக்கு வரும்வரை ஒரு முடியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. பெண்டாட்டிக்கும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை, மீசையோடு தெருவில் நடக்கவும் முடியவில்லை. தோள் துண்டை எடுத்து வாயைச் சுற்றி மூடிக்கொண்டார். பார்ப்பவர்கள் பல்வலி என்று நினைத்தார்கள். முறுக்குவதையும் நிறுத்திவிட்டார். "இது இப்ப என் மீசை இல்ல சார். சும்மா வச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

சென்னையில் நடந்ததை ஞானாம்பாள் சொல்லிக் கீழவாசல் முழுக்கக் கேட்டது. "வாயத் தொறக்காதீங்க, நான் பேசிக்கறேன்னு ரயில்ல ஏறுனதுலேருந்து சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, பக்கத்துல தமிழ்ல கேக்குறதுக்கு ஒரு அம்மா. என்னைய எதுக்குப் போறீங்கன்னாங்க. பொண்ணுக்குப் பிரசவம்னேன். சரின்னுட்டாங்க. இவரையும் அதையேதான் கேட்டாங்க. ஆமான்னு சொன்னா ஆச்சு. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'புளோரிடாவுல ஓட்டு மெஷினு கெட்டுப்போச்சாம்ல, ஒரு தடவை பிரிச்சுப் பாத்தா சரி பண்ணிடுவேன்'னாரு. அந்த அம்மா அதை அப்படியே இங்கிலீசுல சொல்லிட்டாங்க!"

சும்மா பார்க்கப் போகிறேன் என்று விசா கேட்டவர், போய் மெஷின் ரிப்பேர் பண்ணுவேன் என்றால் எந்த நாட்டு அதிகாரிதான் முத்திரை குத்துவார்? ஞானாம்பாளுக்குக் கொடுத்தார்கள். இவருக்கு இல்லை. இரண்டு வேட்பாளர்களில் யார் துணை, யார் மகன் என்று இன்றுவரை தெரியாத ஞானாம்பாள் அமெரிக்கா போவதாகவும், எல்லாம் தெரிந்தவர் கீழவாசலில் இருப்பதாகவும் ஆயிற்று.

"நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் போயிட்டா கடைய யாரு பாக்கறது?" என்றார். அன்று மதியம் என் மோட்டாரை எடுத்து மேஜைமேல் வைத்தார். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் பொழுது சாய்வதற்குள் கம்பி சுற்றிக் கட்டி முடித்துவிட்டார். இத்தனை நாள் சீக்கிரம் சீக்கிரம் என்று அவரை நச்சரித்த எனக்கு, அதை வாங்கிக்கொண்டு வரும்போது ஒன்றுதான் தோன்றியது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு இன்னும் ஒரு மாதம் இழுத்தடித்திருக்கலாம்.

ஞானாம்பாள் கிளம்பும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "நான் ஏரோப்ளேன் ஏறுற வரைக்கும் எடுக்காதீங்க. கல்யாணத்தன்னிக்குப் பாத்த மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன். மீசையில்லாத மூஞ்சிய என் கண்ணுல காட்டாதீங்க." மீனம்பாக்கத்தில் ஏற்றிவிட்டு வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே செல்லதுரையின் சலூனுக்குப் போய் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. ஜெயித்த கட்சிக்காரரான பாய் மட்டும் பட்டப்பகலில் கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்துவிட்டார்.

இப்போது தினமும் மழித்துக்கொள்கிறார். மகன் நாற்காலியில் இருக்கிறவரை வளர்ப்பதில்லை என்று கூடுதலாக ஒரு சபதம் வேறு. "வீட்டம்மா திரும்பி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "அது அப்பப் பாத்துக்கலாம் சார்" என்று செம்புக் கம்பியைத் தேடப் போய்விட்டார்.

பேத்தி பிறந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அமெரிக்காவிலிருந்து கடைக்குப் போன் வரும். போன ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். கண்டியூர்க்காரர் கொண்டுவந்த மோட்டாரில் மூக்கை வைத்து, கண்ணை மூடியிருந்தார். மணி அடித்தது. சட்டென்று நிமிர்ந்தார். ஓடிப்போய் எடுப்பார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. மணி பாட்டுக்கு அடிக்க, கையில் ஒட்டியிருந்த வார்னிஷை வேட்டியில் துடைத்தார். தோளிலிருந்து துண்டை எடுத்து, மேலுதட்டை மறைத்து இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ரிசீவரைத் தூக்கி, "சொல்லு ஞானம்" என்றார்.