ஸ்டோரில் காய்ந்த கிட்டாரும் ஸ்பெயின் சுரங்களும்

கல்யாணக் கச்சேரியில் கிட்டார் வாசிப்பவனை ஜனங்கள் கவனிப்பது இரண்டே சமயம்: தப்பாக வாசிக்கும்போதும், பந்தியில் முந்தி உட்காரும்போதும். மேடை ஓரத்தில் நின்று பழகிய சக பாவிகளுக்கு இது புரியும். எழுபதுகளில், ஏலக்காய் விளையும் மலையில், சாந்தன்பாறைப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் நான்தான் அந்த ஓரத்து ஆள்.

காயப் போட்ட வாத்தியம்

மழைக்காலத்தில் அங்கே எதுவும் காயாது. குழுத் தலைவர் ராஜமணி அண்ணன் ஏலத்தோட்டத்துக் கங்காணி. ஈரம் எதைத் தொட்டாலும் அவருக்கு ஒரே வைத்தியம், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். பெரிய கல்யாணம் ஒன்றுக்கு ஒரு வாரம் இருக்கையில், என்னைக் கேட்காமலே என் கிட்டாரை அந்தச் சூட்டறையில் வைத்துவிட்டார்.

மறுநாள் எடுத்தோம். மணம் பிரமாதம். கம்பிகளைத் தாங்கும் குதிரைதான் பசை விட்டு, நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. போடியில் வேறொரு கிட்டார்காரர் எங்கள் குழுவில் சேரக் காத்திருந்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அண்ணன் என் வாத்தியத்தை முகர்ந்து பார்த்துச் சொன்னார்: "ஏலக்கா நல்லாத்தான் காஞ்சிருக்கு. ஒம் பொட்டிக்குத்தான் பக்குவம் பத்தல. சனிக்கிழமை சொதப்புனா போடிக்காரன்தான், ஆமா."

தளர்ந்த கம்பிகள்

குதிரையை ஒட்டினேன். ஆனால் வழக்கமான சுருதிக்கு முறுக்கினால் முனகியது. எல்லாக் கம்பிகளையும் ஒரு சுரம் தளர்த்தினேன். தடித்த ஆறாவதை மட்டும் இரண்டு. கீழ்க்கம்பிகள் மூன்றும் ஸ-ப-ஸ என்று தம்பூராவாகிவிட்டன. சினிமாப் பாட்டுக்கு நான் பழகிய விரல் இடங்கள் எல்லாம் பாழ்.

என்னிடம் மதுரையில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்று இருந்தது. அதில் ஃபிளமெங்கோ என்னும் ஸ்பானிய இசையின் சுர வரிசைகள். இந்தச் சுருதிக்கு அவை கையில் வந்து உட்கார்ந்தன. ஏறும்போது அந்தர காந்தாரம், இறங்கும்போது அதற்கு அரைச் சுரம் தாழ்ந்த சாதாரண காந்தாரம் என்று எங்கள் வயலின்காரர் சங்கரனுக்கு விரிவாக விளக்கினேன். யாரும் என்னை விளக்கச் சொல்லவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போறப்ப வகுளாபரணம், வர்றப்ப தோடி. ரெண்டு ஊட்டுல சோறு திங்கிற ராகமா இருக்கேய்யா!"

பாடகர் வராத மத்தியானம்

சனிக்கிழமை, பாடகர் வந்த ஜீப் போடிமெட்டு வளைவில் படுத்துவிட்டது. மணமக்கள் மேடையில், ஜனம் நாற்காலியை விட்டு எழ ஆரம்பித்தது. அண்ணன் என் முதுகில் இடித்தார்: "ஏதாச்சும் பண்ணு!"

கட்டைவிரலால் கீழ்க்கம்பியை அதிரவிட்டு, சுர வரிசையை ஏற்றி இறக்கினேன். முதலில் மெதுவாக, பிறகு இரட்டை வேகம், பிறகு நாலு விரலையும் விசிறிபோல் விரித்து வீசினேன். தபலாக்காரர் சேர்ந்துகொண்டார். குதிரை ஒருமுறை 'கிர்ர்க்' என்றது. பயத்தில் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும், பயத்தில் கூட்டிவிட்டேன். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். வாசலுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். சங்கரன் வில்லை மடியில் போட்டுவிட்டுத் தாளம் போட்டார்.

ஒருவழியாகப் பாடகர் மூச்சிரைக்க மேடையேறி மைக்கைப் பிடித்தார். முன்வரிசையிலிருந்து மணப்பெண்ணின் அத்தை கையை ஆட்டி அவரை உட்காரச் சொன்னார்: "அண்ணே, நீங்க காப்பியக் குடிச்சிட்டு மெதுவா வாங்க. இவரு பொட்டியோட மல்லுக்கட்டுறது எங்களுக்கு இன்னும் பாத்து முடியல!"

ஸ்பெயின்காரர்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது, ஆனால் போடிக்காரர் அதற்கடுத்த மாதம் ஆர்மோனியம் கற்றுக்கொள்ளப் போய்விட்டார்.