ஹெஸ்டர் திறந்து வைத்த கேட்

ஹெஸ்டர் க்வில்லியம் தன் விருந்தாளிகளுக்குப் போடும் நிபந்தனை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் காரைவிட்டு இறங்கியதும், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

"எங்க வேணா நடங்க. எந்த வயல்ல வேணா போங்க. ஆனா கேட்டைத் தாண்டினா மூடிட்டுப் போகணும். அது ஒண்ணுதான்."

பிப்ரவரி நடுவில் லண்டனிலிருந்து வந்த பியர்ஸும் அவன் மனைவி இமோஜனும் இதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. சனி, ஞாயிறு இரண்டு நாள் எதையும் யோசிக்காமல் தூங்க வேண்டும் என்று வந்தவர்கள். "கண்டிப்பா. நாங்க ரொம்பக் கவனமா இருப்போம்" என்றாள் இமோஜன். சொன்னபடியே இருந்தார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், செவர்ன் ஆறு வளைந்து போகிற இடத்தில், ஹெஸ்டரின் பண்ணை. மேட்டில் வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த மரக்குடில், சரிவில் ஒரு வயல், அதற்கும் கீழே ஆற்றுப் புல்வெளி. குடிலைப் போட்டது மூன்று வருடத்துக்கு முன்னால். கணவர் டிராக்டர் கவிழ்ந்து இறந்த பிறகு ஆடுகளை மட்டும் வைத்துக்கொண்டு பண்ணையை ஓட்ட முடியவில்லை. விற்றுவிட்டு டவுனுக்கு வா என்று தங்கை கூப்பிட்டாள். ஹெஸ்டர் போகவில்லை. வாடகைக்கு விடக் குடிலை வாங்கி நிறுத்தி, வெளியே விறகு எரித்துச் சூடேற்றும் வெந்நீர்த் தொட்டியும் வைத்தார்.

பக்கத்துப் பண்ணை மெர்வின் டட்ஜுக்கு எழுபது வயது, கல்யாணம் ஆகாதவர். அவர் இதை விடுவதாக இல்லை.

"உங்கப்பன் இருந்தா என்ன சொல்லியிருப்பான்? லண்டன்காரனுக்குக் குளிக்க வெந்நீர் போடுற வேலைக்கு வந்துட்டியேம்மா."

"அந்த வெந்நீர்தான் என் ஆட்டுக்குத் தீவனம் போடுது. உன் வாய் போடுமா?"

உண்மையும் அதுதான். எல்லாம் அந்த மந்தைக்காகத்தான். கறுத்த முகமும் நிமிர்ந்த காதுமாக இருக்கும் க்ளன் இனச் செம்மறிகள். ஹெஸ்டரின் அப்பா காலத்திலிருந்து கடாவைத் தவிர வெளியாடு ஒன்றுகூட உள்ளே வந்ததில்லை. தாயிடமிருந்து மகள், மகளிடமிருந்து பேத்தி என்று அவற்றுக்கு அந்த ஆறு தெரியும். தண்ணீர் ஏறுகிற வாடை வந்தால் கிழட்டு ஆடுகள் முன்னால் நடக்கும், மற்றவை பின்னால் போகும், மேல் வயலில் போய் நின்றுகொள்ளும். யாரும் ஓட்ட வேண்டாம். சந்தையில் எத்தனை ஆடு வேண்டுமானாலும் வாங்கலாம். இந்தப் பழக்கத்தை வாங்க முடியாது. இந்த மந்தை போனால் இன்னொன்று இல்லை என்பது ஹெஸ்டருக்குத் தெரியும்.

இதற்காகவே வெள்ளம் வரும் குளிர்காலம் முழுக்க புல்வெளிக்கும் மேல் வயலுக்கும் நடுவிலுள்ள கேட் திறந்தே இருக்கும். காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, வைக்கோல் கட்டும் நைலான் கயிற்றால் வேலியோடு சேர்த்துக் கட்டியிருப்பார். எங்கள் பக்கத்தில் அப்படிக் கட்டிய கேட்டைப் பார்த்தால் யாரும் தொட மாட்டார்கள்.

சனிக்கிழமை நல்ல வெயில். வேல்ஸ் மலைகளில் மட்டும் மழை கொட்டுவதாகச் சொன்னார்கள். வெள்ள எச்சரிக்கை ஹெஸ்டரின் போனுக்கு மதியம் வந்தது: ஞாயிறு பிற்பகலுக்கு மேல் தண்ணீர் ஏறலாம்.

மெர்வின் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இப்பவே மேல ஏத்திடேன்" என்றார்.

"மேல என்ன இருக்கு? மண்ணு. எல்லாம் நிறை சினை. இன்னும் ஒரு ராத்திரி நல்ல புல்லு மேயட்டும்."

"தண்ணி சொல்லிட்டா வருது?"

"கேட்டு திறந்துதான இருக்கு. உன்னையும் என்னையும் விட அதுங்களுக்கு விவரம் அதிகம்."

ஹெஸ்டர் அப்போதே ஒருமுறை கீழே போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். மலையில் பனியும் சேர்ந்து உருகியது யாருடைய கணக்கிலும் இல்லை. ஞாயிறு விடிவதற்குள் ஆறு வந்துவிட்டது.

வெளிச்சம் வந்தபோது ஹெஸ்டர் மேல் வயலுக்குப் போனார். வயல் காலியாக இருந்தது. கீழே பார்த்தார். கேட் மூடியிருந்தது. கொண்டி சரியாகப் போட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கேட்டோடு ஒட்டிக் கிடந்தன. நனைந்த கம்பளியின் கனம் அவற்றை எழவிட்டிருக்காது. அவை தப்பான இடத்துக்குப் போகவில்லை. பழகிய வழியில், சரியான இடத்துக்கு, எல்லாம் சேர்ந்தே வந்திருந்தன. முன்னால் வந்த கிழட்டு ஆடுகள்தான் முதலில் செத்திருந்தன. வேலியோரத்து உயரத்தில் சில இளம் ஆடுகள் மட்டும் வயிறுவரை தண்ணீரில் நடுங்கி நின்றன.

மெர்வின் டிராக்டரோடு வந்தார். நடப்பவற்றை மேலே ஓட்டினார்கள். மற்றதை இழுத்தார்கள்.

"யாரும்மா மூடினது?"

ஹெஸ்டர் மேட்டைப் பார்த்தார். குடிலின் ஜன்னலில் திரை இன்னும் விலகவில்லை.

"தார்ப்பாய் கொண்டா, மெர்வின். புதருக்குப் பின்னால போட்டு மூடிடலாம். எந்திரிச்சதும் அந்த ஜன்னல்லதான் வந்து நிப்பாங்க."

"உனக்கென்ன பைத்தியமா? ஆடு செத்துக் கெடக்கு, ஜன்னல் ஜன்னல்ங்கிற."

"ரெண்டு நாள் நிம்மதியா இருக்கலாம்னு வந்திருக்காங்க. இழு."

செத்த கால்நடைகளை எடுத்துப்போகும் லாரி திங்கட்கிழமைதான் வரும். அதுவரை தார்ப்பாய் போதும்.

காலையில் ஹெஸ்டர் உடை மாற்றிக்கொண்டு, முட்டையும் பன்றிக்கறி வறுவலும் குடிலுக்கு எடுத்துப் போனார். கிளம்பும் நேரத்தில் தம்பதிகள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மெர்வின் சேற்றுக் கால்களோடு அங்கேயே நின்றிருந்தார்.

"ஆறு இவ்ளோ பெருசாகும்னு நெனைக்கவே இல்ல! ஏரி மாதிரி இருக்கு" என்றாள் இமோஜன்.

"ஆமா. அப்பப்ப வரும்."

பியர்ஸ் சாவியை நீட்டினான். "அப்புறம், சொல்லணும்னு இருந்தேன். நேத்து இருட்டுற நேரத்துல பப்புல இருந்து வந்தோம். கீழ ஒரு கேட்டு திறந்து கெடந்துச்சு, கயிறு வேற சிக்கிக்கிட்டிருந்துது. நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அவுத்துட்டு நல்லா மூடிட்டேன்."

"உங்களுக்குப் போன் பண்ணலாமான்னு கூட யோசிச்சோம். எதுக்கு உங்களைத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டோம்" என்றாள் இமோஜன்.

மெர்வின் ஓர் அடி முன்னால் வந்தார். ஹெஸ்டர் அவர் கையைப் பிடித்தார்.

"நல்லவேளை கவனிச்சீங்க. ரொம்ப நன்றி. பாத்துப் போங்க, பாலத்துப் பக்கம் போகாதீங்க, ரோட்டுல தண்ணி இருக்கும்."

கார் மறைந்ததும் மெர்வின் கையை உதறினார். "நன்றியா? அவனுக்கு நன்றியா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"சொல்லி? அந்தப் பொண்ணு வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அழும். செத்தது எழுந்து வருமா?"

"அழட்டுமே! தெரிஞ்சுக்கட்டுமே!"

"நான் சொன்னதைத்தான செஞ்சாங்க, மெர்வின். ஒரு கேட்டு மட்டும் வேறன்னு நான் சொல்லல. இங்க யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருந்ததில்ல. எனக்குத் தோணல."

மெர்வின் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். 

எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் வெள்ளச் செய்திக்கு நடுவே நான் இரண்டு வரி எழுதினேன். எவரோ கேட்டை மூடியதாக அதில் இல்லை. ஹெஸ்டர் என்னிடம் அப்போது சொல்லவும் இல்லை. தப்பிய ஆடுகளில் பாதிக்குக் குட்டி கலைந்துவிட்டது. மிச்சம் இருந்தவை மேல் வயலின் மூலையிலேயே நின்றன. நல்ல புல் வந்த பிறகும், கேட் விரியத் திறந்திருந்தும், அவற்றைக் கீழே கூட்டிப்போக ஒரு கிழட்டு ஆடு இல்லை. ஏப்ரல் ஏலத்தில் ஹெஸ்டர் அவற்றை மொத்தமாக விற்றார். ஏலக்காரர் விலையைச் சொல்லிவிட்டு, நிஜமாகத்தானா என்பதுபோல் அவரைப் பார்த்தார். ஹெஸ்டர் தலையாட்டினார்.

மே மாதம் இரண்டாவது குடில் வந்தது. பியர்ஸும் இமோஜனும் ஊரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவர்களுடைய நண்பர்கள் குழந்தைகளோடு வருவதாகப் பதிவு செய்து, ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். ஹெஸ்டர் மெர்வினிடம் தாயில்லாத குட்டிகள் மூன்று வாங்கினார்.

"வீட்டுக்குப் பின்னால அடைச்சிரவா?" என்று கேட்டார் மெர்வின்.

"முன்னால அடை. வந்ததும் தெரியணும்."

"இதுல ஒண்ணு பொட்டை. நல்லா வரும் போலத் தெரியுது. மத்த ரெண்டையும் குடுத்துட்டு, இதை மட்டும் வச்சுக்கோயேன்."

ஹெஸ்டர் வெந்நீர்த் தொட்டிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"செப்டம்பரோட கூட்டம் நின்னுரும்" என்றார். "அப்ப வந்து மூணையும் எடுத்துட்டுப் போயிரு."